பரமு வைத்த சந்தனம்

போன வாரம் மாரீஸ்வரி போன் செய்தாள். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சுக் கம்பெனியில் இப்போது கம்ப்யூட்டர் பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது. புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்களாம். கிளவுடில் வீணாகும் செலவைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிற மென்பொருள் ஒன்றையும் வாங்கியிருக்கிறார்களாம். அது கொடுத்த பட்டியலைப் பார்த்துவிட்டு இவள், "இதுல பாதி பரமு சந்தனம், அப்படியே நம்பிராதீக" என்று சொல்லியிருக்கிறாள். மூன்று பேரும் திருதிருவென விழித்திருக்கிறார்கள்.

"பரமு யாரு, சந்தனம் எதுக்குன்னு கேக்காக அக்கா. சொல்ல ஆரம்பிச்சேன். முழுசாச் சொன்னா ஒங்க மானம் போயிருமோன்னு பாதியில நிறுத்திட்டேன். நீங்களே எழுதிக் குடுத்திருங்க."

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போகிற மானம் எல்லாம் வேலையில் இருக்கும்போதே போய்விட்டது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

நான் பார்த்த வேலைக்குப் பெயர் கம்ப்யூட்டர் பாதுகாப்பு. சூலக்கரைப் பக்கம் எங்கள் தெருவில் அதைச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததே இல்லை. 'அன்னக்கனி செக்யூரிட்டி வேலை பாக்கா' என்று ஒருத்தி சொல்லிவிட, ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெரியம்மா என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "பொம்பளப்பிள்ளை கையில விசிலக் குடுத்து கேட்டுல நிறுத்திருக்காகளே, கம்பெனிக்காரனுக்கு ஆம்பளையே கெடைக்கலையா?" என் வீட்டுக்காரர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "விசில் எல்லாம் தரல பெரியம்மா, டார்ச் மட்டும்தான்" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் நான் டார்ச் அடிக்கிறவள்.

படித்தது பி.எஸ்சி. கணக்கு. பிறகு விருதுநகரில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு. தினமும் ஆமத்தூர் வழியாக பஸ்ஸில் போய், சிவகாசியில் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் காலண்டருக்கும் எழுத்துக் கோத்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் பழுதானால் திறந்து பார்க்கிற கை எனக்கு இருந்தது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் கம்ப்யூட்டர்களும் என் தலையில் வந்து விழுந்தன. இவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

பாதுகாப்பு வேலைக்கு என்னைத் தள்ளியது ஒரு வைரஸ். எங்கள் தொழிலில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை ஏஜென்டுகள் கையில் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு படமும் திறக்கவில்லை. முருகனும் இல்லை, பிள்ளையாரும் இல்லை, குழந்தை படமும் இல்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் சாவி என்று திரையில் எழுதியிருந்தது. பணம் கொடுக்கவில்லை. பழைய சி.டி.க்களைத் தேடி எடுத்து, ஏஜென்டுகளிடம் இருந்த பழைய மாதிரித் தாள்களைத் திரும்ப வாங்கி ஸ்கேன் செய்து, ஆல்பத்தை ஒப்பேற்றினோம். அந்த மூன்று வாரத்தில் எனக்கு முன்னந்தலை நரைத்தது. அதற்குப் பிறகு கம்பெனி கிளவுடுக்கு மாறியபோது, எல்லாவற்றுக்கும் மணிக்கு ஒரு நகல், மூன்று இடத்தில், எடுத்து வைக்கச் சொன்னேன். அப்படி இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

கிளவுட் என்றால் வேறொன்றுமில்லை. எங்கோ இருக்கிற கம்ப்யூட்டரை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுப்பது. எங்கள் ஆபீசில் அதற்கு வாடகை மெஷின் என்றுதான் பெயர். ஓடினாலும் சும்மா நின்றாலும் வாடகை உண்டு.

என் மேலதிகாரி ராஜாமணி சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜெனரல் மேனேஜர். அச்சுக்கு வருவதற்கு முன் எங்கள் முதலாளியின் பட்டாசு ஆலையில், விஸ்வநத்தம் பக்கம், ஃபோர்மேனாக இருந்தவர். பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்ற வேண்டும். வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். சார் அச்சுக் கம்பெனிக்கு வந்து எத்தனையோ வருஷமான பிறகும், என் அறைக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புக் கதவு நிலையை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் வருவார். உட்கார மாட்டார். குரல் உயராது. கோபம் வந்தால் பேச்சு மெதுவாகும். ரொம்பக் கோபம் என்றால் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு டீ குடித்துவிடலாம்.

மருந்து அறைகளின் வெளியே ஒரு பலகை தொங்கும். உள்ளே எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்று அதில் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒரு ஆளும் கூடாது, ஒரு பிடி மருந்தும் கூடாது. அறைகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது. மிச்ச மருந்து மறுநாளைக்குத் தங்கக் கூடாது. கம்ப்யூட்டர் பாதுகாப்பில் நான் ஆன்லைன் வகுப்பில் திக்கித் திணறிப் படித்ததை எல்லாம் சாரிடம் சொன்னபோது, அவர் ஆச்சரியப்படவே இல்லை. யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டும் அனுமதி, ஒரு பிரிவில் வந்த கேடு அடுத்த பிரிவுக்குப் பரவாமல் தடுப்பு, என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல், இவைதான் நான் படித்தவை.

"இது எங்க ஆலையில இருந்ததுதானம்மா" என்றார். "எதப் பாத்தாலும் மூணு கேள்வி கேளு. யாரோடது? எதுக்கு? எப்ப முடியும்? மூணுக்கும் பதில் இல்லேன்னா அதுதான் ஆபத்து."

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், புரட்டாசியில், கிளவுட் வாடகை பில் ஏறிக்கொண்டே போய் ஒரேயடியாகக் குதித்தது. சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். அப்பாவுக்குப் பிறகு தொழிலைக் கையில் எடுத்தவர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

"மேடம், யாரோ நம்ம கணக்குல உள்ள பூந்து ஓட்டுறாங்க. கண்டுபிடிங்க."

எனக்கும் அதே சந்தேகம்தான். சாவியை, அதாவது உள்ளே நுழைகிற பாஸ்வேர்டைத் திருடி அடுத்தவன் வாடகையில் தன் வேலையை ஓட்டுகிற திருடர்கள் உண்டு. அதனால் பில்லைச் செலவுக் கணக்காகப் பார்க்காமல், திருட்டு நடந்த வீடு மாதிரிப் பார்த்தேன். எந்த மெஷின் எப்போது பிறந்தது, யார் சாவியால் பிறந்தது, எந்த இடத்திலிருந்து கட்டளை வந்தது என்று பதிவுகளை வரி வரியாகப் படித்தேன். இரண்டு நாளில் தெரிந்தது. வெளியாள் யாரும் இல்லை. எல்லாக் கட்டளையும் எங்கள் ஆபீசிலிருந்தே போயிருந்தது. எல்லாம் ஒரே சாவியில்.

அந்தச் சாவி மாரீஸ்வரியுடையது.

தாயில்பட்டிப் பிள்ளை, எனக்கு உதவியாக வாடகை மெஷின்களைப் பார்த்துக்கொண்டவள். அவள் அம்மா பட்டாசு ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இவள் சம்பளம் ஒரு நிலைக்கு வந்ததும், அந்த வருஷம் சித்திரையில்தான் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டில் உட்கார வைத்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் பிரிவு முழுக்க லட்டு கொடுத்திருந்தாள்.

பதிவுகளில் இன்னொன்றும் இருந்தது. இருக்கன்குடிக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்த அவள் லீவு போட்டிருந்த நாளில் அவள் சாவியால் நான்கு மெஷின்கள் பிறந்திருந்தன. மறுநாள் கீழே இங்க் ஸ்டோர் பக்கம் போனேன். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் அவள் பாஸ்வேர்டு, கொட்டை எழுத்தில்.

"சீசன்ல ஒவ்வொருத்தரும் வந்து 'ஒரு மெஷின் போட்டுக் குடுங்க, ஒரு மெஷின் போட்டுக் குடுங்க'ன்னு நிக்காக அக்கா. கடைச் சாவி மாதிரி மாட்டி வச்சேன்" என்றாள். அழவில்லை. கை மட்டும் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது.

சின்ன முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "சாவிய ஊருக்கே குடுத்தது அவங்கதானே? கார்த்திகை ஒண்ணாந்தேதி வரைக்கும் பாப்பேன். எந்த மெஷின் யாருக்கு, எதால இம்புட்டுப் பில்லுன்னு தெரியணும். இல்லேன்னா அவங்கள அனுப்பிட்டு சென்னைக் கம்பெனி ஒண்ணுகிட்ட மொத்தமாக் குடுத்திருவேன்."

சேதி எப்படிப் போனதோ, அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மாரீஸ்வரி சொன்னாள். "அம்மா அவுக பழைய ஆலை ஃபோர்மேன்ட்ட சொல்லி வச்சிருக்காகளாம் அக்கா, எடம் இருந்தா கூப்பிடச் சொல்லி." அந்த வருஷம் அதற்குப் பிறகு நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

பட்டியல் எடுத்தேன். நாற்பத்தொரு மெஷின்கள். எதிலும் பெயர் ஒழுங்காக இல்லை. டெஸ்ட்-3, புதுசு, புதுசு-2, சீசன், சீசன்-பழசு. இது யாருடையது என்று வாட்ஸப் குழுவில் கேட்டால் கட்டைவிரல் படம்தான் பதிலாக வருகிறது. ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருந்தது. அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைப்பார்கள். ஆஃப்செட் மெஷின், கட்டிங் மெஷின், காலண்டருக்குத் தகரம் அடிக்கிற மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எந்த மெஷினை யார் ஓட்டுகிறார்களோ அவர்களே வைக்க வேண்டும். அடுத்தவர் மெஷினுக்கு வைத்தால் சண்டையே வரும். வாடகை மெஷினுக்கும் அப்படி வைக்கச் சொன்னால் என்ன? யார் சந்தனம் வைக்கிறார்களோ அவர் சொந்தக்காரர். சந்தனம் இல்லாதது அனாதை.

ராஜாமணி சார் நிலையைத் தொட்டபடி கேட்டுவிட்டு, "தாள்ல மூணு கேள்வியையும் போட்டுரு" என்றார்.

ஒரு மெஷினுக்கு ஒரு தாள். மேலே பெயர், கீழே மூன்று கேள்விகள். காலண்டர் தொங்குகிற ஹாலில் கயிறு கட்டி நாற்பத்தொன்றையும் தொங்கவிட்டேன். பூஜையன்று, 'நின்றுபோனால் உங்களுக்கு எந்த மெஷின் கஷ்டமோ அதற்கு மட்டும் சந்தனம் வையுங்கள்' என்று அறிவித்தேன். சனம் சிரித்துக்கொண்டே வந்து வைத்தது. கேள்விகளுக்குப் பதில் எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். சந்தனம் மட்டும் எல்லாரும் தாராளமாக இழுவினார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கணிசமான தாள்கள் வெறுமையாகத் தொங்கின. பொரி கடலைப் பொட்டலத்தோடு, விருதுநகர் வரும் வரை எனக்குப் பெருமையாகவே இருந்தது.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தேன். நாற்பத்தொரு தாளிலும் சந்தனம் இருந்தது.

சின்ன முதலாளி ஹாலில் நின்று மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எல்லாமே வேணும்ங்கறாங்களா மேடம்?" என்றார்.

விசாரித்ததில், பரமேஸ்வரி அக்காவின் கைவேலை என்று தெரிந்தது. புரூஃப் பார்க்கிற பிரிவின் தலைவி. எனக்கு முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்தவர், கம்பெனியில் எல்லாருக்கும் பரமு அக்கா. பூஜை முடிந்து கடைசியாக ஹாலைப் பூட்ட வந்தவர், மிச்சமிருந்த தாள்களுக்கும் வைத்திருக்கிறார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக? வேணுங்கறதுக்கு மட்டும் வைக்கச் சொன்னேனே."

"நாள் அதுவுமா மெஷின மூளியா விடலாமா கனி? எல்லாத்துக்கும் வச்சிட்டு இது ஒண்ணு பாவம் தொங்குதேன்னு இருந்துச்சு. அதான் வச்சேன்."

"எதுக்கெல்லாம் வச்சீக?"

"எண்ணிக்கிட்டா வச்சேன்?"

ஆனால் எனக்கு வேறு வழி இருந்தது. நான் பதிவு படிக்கிறவள் அல்லவா? ஆண்கள் வைத்த சந்தனம் கட்டைவிரல் இழுப்பு. மற்றப் பெண்கள் வைத்தது சின்னப் புள்ளி. பரமு அக்காவின் சந்தனம் அச்சடித்த மாதிரி வட்டம், நடுவில் மோதிர விரலால் குங்குமம். அது மட்டும் இருந்த தாள்களைப் பிரித்து எடுத்தேன். பதினான்கு. மாரீஸ்வரி முதல் தடவையாகச் சிரித்தாள். அப்போதுதான் யாரோ இதற்குப் பரமு சந்தனம் என்று பெயர் வைத்தார்கள். தேவை என்று யாரும் சொல்லாத ஒன்றுக்கு மரியாதைக்காக வைத்த உரிமை என்று அர்த்தம்.

பதினான்கையும் நிறுத்துவது என்று முடிவானது. வைரஸ் பிடித்த கோப்பை நாங்கள் உடனே அழிப்பதில்லை. தனியாகப் பூட்டி வைத்து, யாராவது தேடுகிறார்களா என்று பார்ப்போம். அதே முறைதான். மெஷினை நிறுத்து, அழிக்காதே. உள்ளே இருப்பது அப்படியே இருக்கட்டும். இத்தனாம் தேதி இவர் நிறுத்தினார், இத்தனாம் தேதிக்குப் பிறகு அழிப்போம் என்று பலகையில் எழுது. ஒரு மாதம் காத்திரு. சாருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "சத்தம் வருதான்னு கேளு. வந்தா தெற" என்றார். நான் சொல்ல, மாரீஸ்வரி ஒவ்வொன்றாக நிறுத்தினாள்.

நான்காம் நாள் சத்தம் வந்தது.

"ராகுகாலத்தக் காணோம்!"

நான் விசாரித்த மறுநாளே மகள் பிரசவத்துக்குக் கோவில்பட்டி போயிருந்த பரமு அக்கா அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அச்சு மெஷினிலிருந்து விழுந்துகொண்டிருந்த தெலுங்குத் தினக் காலண்டர் தாளைக் கையில் எடுத்தவர் போட்ட சத்தம் அது. ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாக் கட்டமும் வெள்ளையாக இருந்தன. அச்சை நிறுத்தினார்கள். பாழானது கொஞ்சம் தாள்தான். ஆனால் ஆந்திரா லோடு அந்த வாரம் போக வேண்டும்.

நடந்தது இதுதான். பஞ்சாங்க விவரங்களைத் தேதிவாரியாகக் கட்டத்தில் நிரப்பிக் கொடுக்கிற வேலையை ஒரு வாடகை மெஷின் செய்துகொண்டிருந்தது. யாரோ பரிசோதனைக்கு ஆரம்பித்து விட்டுப் போனது. பெயர் டெஸ்ட்-7. பரமு அக்கா தினமும் உட்கார்ந்து அதில்தான் பிழை திருத்துவார். ஐந்து மொழிக் காலண்டர்களுக்கும் அவர் பல வருஷம் திருத்திய திருத்தங்கள் அதற்குள்தான் இருந்தன. அவர் அந்தப் பதினான்கு தாள்களில் பதின்மூன்றுக்கு மரியாதைக்காகச் சந்தனம் வைத்தார். ஒன்றுக்குத் தன்னுடையது என்று வைத்தார். பதினான்கும் ஒரே மாதிரி வட்டம். டெஸ்ட் என்ற பெயரைப் பார்த்து நானும் குப்பை என்று நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து பரமு சந்தனம் என்றால், குப்பை மாதிரித் தெரிந்தாலும் கேட்காமல் தள்ளக் கூடாதது என்று அர்த்தம் மாறிவிட்டது.

மாரீஸ்வரி பத்து நிமிஷத்தில் அதைத் திரும்ப ஓடவிட்டாள். ஒரு எழுத்தும் போகவில்லை. அழித்திருந்தால் அத்தனை திருத்தமும் போயிருக்கும்.

அதற்குள் சின்ன முதலாளி வந்துவிட்டார். "யார் நிறுத்தினது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாரீஸ்வரியைப் பார்த்தார்.

"நான்தான் சார். கை அவளோடது, சொன்ன வாய் என்னோடது" என்றேன்.

ராஜாமணி சார் எங்கள் நடுவே வந்து நின்றார். பேச்சு மிக மெதுவாக வந்தது. "தம்பி, ஆலையில ஒரு அறை தீப்பத்துனா, மொதல்ல என்ன நடந்துச்சுன்னு எழுதுவோம். யாருங்கறது கடைசியில. மொதல்லயே யாருன்னு கேட்டா, என்ன நடந்துச்சுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்." சின்ன முதலாளி திரும்பித் தன் அறைக்குப் போனார். கார்த்திகைக்கு இருந்தது பதினெட்டு நாள். மெஷின்களை நிறுத்தியும் பில் இறங்கியது கொஞ்சம்தான்.

அன்று டீ நேரத்தில் பரமு அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். டம்ளரைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்.

"நான் எல்லாத்துக்கும் வச்சது தப்புதான். ஆனா ஒனக்கு எது வேணும்னு என்னிய யாரும் கேக்கலையே. பரமுவுக்கு என்ன மெஷின்னு நெனச்சுட்டீக."

உண்மை அது. பூஜை செய்கிற அக்கா என்றே பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரி விடு. நாங்க எல்லாரும் சந்தனம் வச்சோம். ஒன்னோடது எங்கன தொங்குச்சு கனி? நீ எதுக்கும் வைக்கலையே?"

டீ அப்படியே இருக்க எழுந்து மேலே ஓடினேன். நான் தாள் அடித்துத் தொங்கவிட்டது மெஷின்களுக்கு மட்டும். நகல்கள் மெஷின் இல்லை, சேமித்து வைத்த இடம். அதற்குத் தாளே அடிக்கவில்லை. வைரஸ் வருஷத்துக்குப் பிறகு நான் சொல்லி மாரீஸ்வரி அவள் சாவியால் ஏற்பாடு செய்தது. மணிக்கு ஒன்று, மூன்று இடத்தில், அத்தனை வருஷமாக. ஒன்றைக்கூட அழிக்கச் சொல்லவில்லை. அந்த ஆடியில் பெரிய பெரிய படங்கள் வந்து சேர, நகலுக்கு நகல் பெருகி, அதுதான் குதித்திருக்கிறது. பில்லில் ஆகப் பெரிய வரி அது. நான் அதை ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். பாதுகாப்பு என்று எழுதியிருந்ததால் கண் தாண்டிப் போய்விட்டது. திருடனைத் தேடி வீடு முழுக்க டார்ச் அடித்தேன், என் பக்கம் மட்டும் திருப்பவில்லை.

சொல்லாமலேயே சரிசெய்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பில் இறங்கும், மாரீஸ்வரியும் தப்பிப்பாள், எனக்கும் ஓய்வுக்கு ஒரு வருஷம்தான். ஆனால் அவள் பெயரில் அந்தக் கறை அப்படியே நிற்கும். ஒரு தாளை எடுத்து 'நகல்கள்' என்று எழுதி, மூன்று கேள்விகளையும் போட்டு, சின்ன முதலாளி அறைக்குப் போனேன். ராஜாமணி சாரும் அங்கே நின்றிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"யாரோடது?"

"என்னோடது சார்."

"எதுக்கு?"

"பயத்துக்கு."

"எப்ப முடியும்?"

"அத எழுதாமத்தான் இத்தன வருஷம் விட்டுட்டேன்."

சின்ன முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் மேஜையில் கை வைத்துக்கொண்டார். "பதிவெல்லாம் படிச்சு, சந்தனத்த வச்சுக் கைரேகை பாத்து, கடைசியில நீங்களா மேடம்?" நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்புக்கு மட்டும் இல்லை. ராஜாமணி சார் மட்டும் சிரிக்காமல் தன் பேனாவை நீட்டினார். "தேதி போடு" என்றார்.

தேதி போட்டேன். மணிக்கு ஒன்று எடுக்கிற நகல் மூன்று நாள், தினம் ஒன்று ஒரு மாதம், மாதம் ஒன்று ஒரு வருஷம். அதற்கு மேல் தங்கக் கூடாது. அடுத்த பில் நன்றாக இறங்கி வந்ததும் சின்ன முதலாளி அதை நேராக மாரீஸ்வரி மேஜையில் வைத்து, "இனிமே இது மொதல்ல ஒங்ககிட்ட வரட்டும்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அது. இங்க் ஸ்டோர் சீட்டைக் கிழித்தோம். ஆளுக்கொரு சாவி, அதில் எவ்வளவு முடியும் என்று அளவும் வைத்தோம். ஒவ்வொரு மெஷினுக்கும் பலகை உண்டு, பிறக்கும்போதே முடிகிற தேதியோடு. கார்த்திகை ஒன்றாம் தேதி மாரீஸ்வரியின் அம்மா ஃபோர்மேனுக்குப் போன் போட்டு, தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டாராம். மறுநாள் எனக்குச் சாத்தூர்க் காராச்சேவு ஒரு கிலோ வந்தது.

அந்தப் புது மென்பொருள் நல்ல சாமான்தான். அதற்கு எல்லா மெஷினும் தெரியும். பரமு அக்காவிடம் போய் ஒங்களுக்கு எது வேணும் என்று கேட்க மட்டும் அதற்குத் தெரியாது. புதிதாக வந்த மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு, உங்களுடையது எது என்றும் பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, கடிகாரம் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் மாரீஸ்வரி என்னை என் அறைக்குக் கூட்டிப் போனாள். வேலையை விட்டுப் போகிறவரின் சாவியை அன்றே அடைக்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. என் பெயரில் ஒரு தாள் அடித்து வைத்திருந்தாள். யாரோடது: அன்னக்கனி. எதுக்கு: காவலுக்கு. எப்ப முடியும் என்ற இடத்தில் அன்றைய தேதி இருந்தது.

"அடைக்கவா அக்கா?" என்று கேட்டாள்.

"அடை."

அடைத்தாள். திரையில் என் பெயர் சாம்பல் நிறமானது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ராஜாமணி சார் நிலையைத் தொட்டார். அவருக்குப் பின்னால் பரமு அக்கா கையில் கிண்ணத்தோடு வந்தார். யாரிடமும் கேட்காமல் அந்தத் தாளில் வட்டமாகச் சந்தனம் வைத்து, நடுவில் மோதிர விரலால் குங்குமம் வைத்தார்.

"நாள் அதுவுமா மூளியா விடலாமா?" என்றார்.

அந்தத் தாளை வாங்கி வந்து வீட்டில் மாட்டியிருக்கிறேன்.